ராஜவேலு திருப்பிக் கேட்ட ஜீப் சாவி

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்த் தலைவர் கோதண்டம் அவர்களே, மீன் விற்கும் பெண்கள் சங்கத் தலைவி லோகாம்பாள் அம்மா அவர்களே, கணவர் ராஜவேலுவைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் மாலதி அவர்களே, தோணிரேவு மக்களே, வணக்கம்.

சங்கச் செயலாளர் என்ற முறையில் மெக்கானிக் ராஜவேலு அவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இறந்துவிட்டார் என்பதற்காக ஒருவரை உத்தமர் என்று பேச எனக்கு வராது. ராஜவேலு தற்பெருமைக்காரர். தன் கை பட்ட எஞ்சின் கெடவே கெடாது என்று நம்பியவர். ஆனாலும் அவர் முன்னால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. ஏன்?

ஆட்டோ புதையும் சேற்றில் இறால் கூடைகளோடு நம் பெண்களை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனது எது? சங்கத்தின் பழைய ஜீப். உப்புக்காற்று அரித்த அந்த வண்டியை ஓட வைத்தவர் யார்? ராஜவேலு! எந்தக் கம்பெனியும் விற்காத பாகத்தைப் பழைய இரும்புக் கடைகளில் தேடி எடுத்து மாட்டியவர் யார்? ராஜவேலு!

அந்த ஜீப்பில் எஞ்சின் ஆயில் குறையத் தொடங்கியது. ஊற்ற ஊற்றக் குறைந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஓட்டுநர் பொன்னுரங்கம் ஷெட்டுக்குப் போய்ச் சொன்னார்: "ராஜவேலண்ணே, காத்தால வந்து பாரு. ஸ்டார்ட் பண்ணா நீலமா புகை குபுகுபுன்னு வருது. கொஞ்ச தூரம் ஓடுனா புகை நின்னுடுது."

"நான் மாத்துன பிஸ்டன் ரிங்குடா அது! ஆயில் குடிக்காது. நீ திருடி ஊத்துற உன் மீன்பிடி போட்டு எஞ்சின்தான் குடிக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு திருட்டு வழக்காகி ஊர்க் கூட்டம் கூடியது. வண்டி ஓடிச் சூடான பிறகு ராஜவேலு பார்த்தார்; புகை இல்லை. அவர் சொன்னதை நாம் நம்பினோம். தினமும் அந்தப் புகையை மூக்கில் வாங்கிக்கொண்டே போன நாமும் கை தூக்கினோம்! பொன்னுரங்கத்திடமிருந்து சாவி பிடுங்கப்பட்டது. 'ஆயில் பொன்னுரங்கம்' என்று ஒரு பெயரும் வைத்தோம்.

ஓட்ட ஆளில்லாமல் ஜீப் ஷெட்டில் நின்றது. ஒருநாள் காலையில் ராஜவேலு அவர்களே அதை ஸ்டார்ட் செய்தார். ஷெட் முழுக்க நீலப் புகை! எஞ்சினைப் பிரித்தார். ரிங் நன்றாகத்தான் இருந்தது. வால்வு ஏறி இறங்கும் கைடு என்ற குழாய்தான் தேய்ந்திருந்தது. வண்டி நிற்கும்போதெல்லாம் ஆயில் அதன் வழியே உள்ளே இறங்கும். ஸ்டார்ட் செய்ததும் எரியும். எரிந்து தீர்ந்தபின் புகை அடங்கும். பொன்னுரங்கம் சொன்னது அதைத்தானே?

ராஜவேலு அவர்கள் கரி பிடித்த வால்வைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்கு வந்தார். அந்தத் தற்பெருமைக்காரர் எல்லார் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தப்பு என்னுது. அவன் ஒரு சொட்டு எடுக்கல. சாவியக் குடுத்துடுங்க."

நாம் என்ன சொன்னோம்? ஊர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான் என்றோம். ஒருவர் தன் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ஊர் மாற்றினால் ஊருக்கு அவமானமாம்!

அதன்பின் நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் வால்வோடு எழுந்தார். "ஒக்காரு நைனா, உன் வால்வு கதை போதும்" என்றோம். கடைசிக் கூட்டத்தில் இருமிக்கொண்டே எழுந்தார். அப்போதும் சிரித்தோம். இன்று காலை இங்கே நாற்காலி போடும்போதுகூட 'ஆயில் பொன்னுரங்கத்தைக் கூப்பிடு' என்று ஒரு குரல் கேட்டது. அதைக் கேட்டு யாரும் திரும்பவில்லை. நானும் நாற்காலியைத்தான் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். இதைவிட அவமானம் ஊருக்கு என்ன வேண்டும்?

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட உரையை முடிப்பார்கள். அவர் முடிக்க முடியாமல் விட்ட பணி ஒன்றுதான். ஜீப் சாவியை இந்த மேசைமேல் வைக்கிறேன். தலைவர் அவர்களே, துக்கத்துக்குக் கூடினாலும் கூடியிருப்பது ஊர்தானே? அன்று தூக்கிய கைகளை இன்று சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தூக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் கை என்னுடையது.

தம்பி பொன்னுரங்கம், கடைசி வரிசையில் நிற்காதீர்கள். முன்னால் வாருங்கள். நாளைக் காலையில் நீங்களே வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். புகை வராது. அதை ராஜவேலு அவர்கள் சரிசெய்துவிட்டுத்தான் போனார்.