நேரம் தவறாத மாணவி

பரிந்துரைக் கடிதத்தில் பொய் எழுதவே கூடாது ஐயா. ஒரு வரி பொய்யாக இருந்தாலும் படிக்கிறவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். நான் எழுதிய நாற்பது சொச்சம் கடிதங்களில் ஒரு பொய் கிடையாது. எடுத்துப் பாருங்கள்.

எங்கள் பேராசிரியருக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. "நீயே எழுதி அனுப்பிடுப்பா, பசங்களப் பத்தி உனக்குத்தான தெரியும்" என்று தன் மின்னஞ்சல் கடவுச்சொல்லை ஆய்வக உதவியாளனான என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் பெயரில் எல்லோருக்கும் நான்தான் எழுதினேன். துறையில் அது ஊரறிந்த ரகசியம்.

நான் முதுகலை படித்தது வெளிநாட்டில். திரும்பி வந்த மறு வருடமே அந்தப் பல்கலைக்கழகத்தை இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள். முனைவர் படிப்புக்கு எந்த நாட்டில் விண்ணப்பித்தாலும், மதிப்பெண் பட்டியல் படித்த இடத்திலிருந்து நேராக வர வேண்டும் என்பார்கள். படித்த இடமோ, பழைய பதிவேடு எங்களிடம் இல்லை என்றது. இங்கே கேட்டால், உன் பட்டம் எங்கள் பட்டத்துக்கு இணையா என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆறு வருடத்தில் முப்பத்தொரு மறுப்பு. மனைவி கேட்பதையே விட்டுவிட்டாள். குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதிருக்கிறேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

கடைசியில் ஒரு கதவு திறந்தது. பேராசிரியரின் பழைய தோழர், வெளிநாட்டில் பெரிய விஞ்ஞானி, எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒருவரை முனைவர் படிப்புக்கு எடுப்பதாகச் சொன்னார். சான்றிதழ் பார்க்க மாட்டார், பேராசிரியரின் கடிதம் போதும். எனக்கு வயது முப்பத்தைந்து. இதை விட்டால் வேறு வழியே இல்லை.

எங்கள் ஆய்வக மாணவி எறும்பும் விண்ணப்பித்தாள். எந்நேரமும் எதையாவது தூக்கிக்கொண்டு போவாள், அதனால் அந்தப் பெயர். வெடுக்கென்று சிரிப்பாள். மற்றவர்கள் ஒரு மாதம் முட்டிக்கொள்ளும் கணக்கை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள்.

அவளைப் பற்றி நான் ஒரு குறையும் எழுதவில்லை. 'நேரம் தவறாதவர். அடக்கமானவர். சொன்ன வேலையைச் செய்து முடிப்பார்.' கூடவே ஒரு படிவம் உண்டு, மாணவர் எந்தத் தரம் என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். 'சராசரிக்கு மேல்' என்று குறித்தேன். சராசரிக்கு மேல்தானே அவள்? ஆனால் அதற்கு மேலே இன்னும் மூன்று கட்டங்கள் உண்டு; இந்தக் கட்டத்தில் விழுந்தவரை எந்தப் பல்கலைக்கழகமும் எடுப்பதில்லை.

அவள் விஞ்ஞானிக்கு மட்டும் விண்ணப்பித்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். இன்னும் பதினோரு இடங்களுக்குப் போட்டிருந்தாள். ஒரே பேராசிரியர் இடத்துக்கொரு கடிதம் எழுதினால் நாளைக்குக் கேள்வி வரும். அதனால் பன்னிரண்டுக்கும் அதையே அனுப்பினேன். வேலையில் ஒழுங்கு வேண்டும் அல்லவா.

பன்னிரண்டும் மறுத்தன. எறும்பு சாப்பிடுவதை விட்டாள், சிரிப்பதை விட்டாள். ஒரு மாலை என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, என் மனசு நோகுமேன்னு பாக்காதீங்க. எனக்கு நெஜமாவே தகுதி இல்லையா? நீங்க சொன்னா நம்புவேன்."

இருக்கிறது என்றால், பிறகு ஏன் எல்லோரும் மறுத்தார்கள் என்று கேட்பாள். பேராசிரியரிடம் போவாள். எனக்கு இடம் உறுதியாகி நான்கே நாள்தான் ஆகியிருந்தது.

"எல்லாருக்கும் எல்லாம் வராதும்மா," என்றேன். தண்ணீர் கொடுத்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் விடுதி அறைக் கதவை உடைக்க வேண்டியிருந்தது. அவள் எழுதி வைத்த சீட்டில், உண்மையைச் சொன்னவன் நான் ஒருவன்தான் என்று இருந்ததாம். துக்கச் செய்தி சொல்லப் பேராசிரியர் விஞ்ஞானியைத் தொலைபேசியில் அழைத்தார். "நீங்கள்தானே சுமாரான பெண் என்று எழுதினீர்கள்" என்று அவர் கேட்டிருக்கிறார். பேராசிரியர் போலீசில் புகார் கொடுத்தார், அப்படித்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

ஆமாம் ஐயா, அவளுக்குத் தகுதி இருந்தது. என்னைவிட அதிகம். தெரிந்துதான் எழுதினேன், தெரிந்துதான் அன்றைக்கும் சொன்னேன். இரண்டையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அவள் சாவுக்கு நான் காரணம் என்று மட்டும் போடாதீர்கள். ஒன்பதாம் தேதி நான் அங்கே போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் யாருக்கும் இல்லாமல் வீணாகிவிடும்.