நீலச் சோளம்

— அந்தப் பானைய அடுப்புல இருந்து எறக்கு, ஆண்டாயி! சொன்னாக் கேளு!

— எறக்க மாட்டேனுங்க. சைக்கிளச் சாத்திட்டு வந்து நெழல்ல உக்காருங்க மேஸ்திரி ஐயா. உங்களுக்கு மூச்சு வாங்குது.

— வாங்காம என்ன செய்யும்? வண்டிப்பாட்டையில வரும்போதே பாக்குறேன், ஊருல ஒரு அடுப்பும் எரியல, உன் கூரை மட்டும் பொகையுது. பானையில என்ன வேகுது?

— நீங்க கொடுத்த வெதைச் சோளந்தான்.

— அடிப்பாவி! மருந்து போட்ட சோளம்டி அது! கதிரெல்லாம் கரியாப் போகாம இருக்கப் போட்ட மருந்து. ஆவணியில அய்யனார் கோயில் முன்னால ஊரையே நிக்கவெச்சு எத்தன தடவ சொன்னேன்? மண்ணுக்குள்ள போனா பயிரு, வாய்க்குள்ள போனா சாவுன்னு சொன்னேனா இல்லியா?

— சொன்னீங்க. கோழிக்கே போட்டுக் காட்டுனீங்க. நாலு கொத்து கொத்துச்சு, கழுத்தத் திருப்பிக்கிட்டுப் பொத்துனு வுழுந்துச்சு. செத்ததாவது கொழம்புக்கு ஆவுமான்னு பக்கத்து வூட்டு நல்லுசாமி தூக்கப் போனாரு, அதுக்கு வேற அவர ஏசுனீங்க. எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க.

— ஞாபகம் இருந்துமா அவிக்கிற?

— ஏழு தண்ணி ஊத்திக் கழுவிட்டேனுங்க. மொதத் தண்ணி நீலமா ஓடுச்சு. ஏழாவது தண்ணி தெளிஞ்சு போச்சு. நாங் கேக்குறது ஒண்ணுதான். ஏழு தண்ணிக்கு அந்த மருந்து போயிருக்குமா, போயிருக்காதா?

— போகாது.

— பத்துத் தண்ணிக்கு?

— நூறு தண்ணிக்கும் போகாது. மணியோட தோலுல ஊறிப் போயிருக்கும். புரியுதா?

— குருவிங்க தின்னுச்சுங்களே.

— எப்போ?

— முந்தாநேத்து. வண்டு வுழுந்துடக் கூடாதுன்னு வெயில்ல காயப் போட்டேன். பத்துக் குருவி எறங்கி வயிறு முட்டக் கொத்துச்சு. இன்னிக்குக் காலையில அதே பத்துக் குருவி திரும்ப வந்துச்சு.

— அதே குருவின்னு நீ கண்டியா?

— ஒண்ணுக்கு வாலு இல்லீங்க.

— குருவி வேற, மனுசன் வேற.

— அப்ப கோழியும் வேறதானுங்களே?

— இந்த வாயி இல்லேன்னா உன்ன நாயி தூக்கிட்டுப் போயிடும். ஆண்டாயி, போன வருசத்த நெனச்சுப் பாரு. வெவசாய ஆபீஸ்ல கால்ல வுழாத கொறையாக் கெஞ்சி முப்பது வூட்டுக்கு வெதை வாங்கியாந்தேன். ஒரே வாரத்துல ஊரே அவிச்சுத் தின்னுச்சு. பின்னாடியே மழை கொட்டுச்சு, வெதைக்க ஒரு மணி இல்ல. காடு பூரா தரிசு. இந்த வருசப் பஞ்சம் அங்கதான் மொளைச்சுச்சு. இன்னிக்கு நீ ஒருத்தி அவிச்சா நாளைக்கு முப்பது வூட்டுலயும் அடுப்பு எரியும்.

— விஷத்த எவனுங்க அவிப்பான்?

— என்ன சொன்ன?

— விஷம்னு தெரிஞ்சா முப்பது வூட்டுக்காரனும் ஏன் அவிக்கப் போறான்னு கேட்டேன்.

— மொதல்ல அந்த வெறக வெளிய இழு.

— தொடாதீங்க, கை பொத்துப் போயிடும். பயப்படாதீங்க, வெதைய அழிச்சுடல. எட்டுப் படியில ஒரு படிதான் எடுத்தேன். மிச்சம் ஏழு படியையும் வேப்பந்தழை போட்டு வாயக் கட்டி வெச்சிருக்கேன். மழை எறங்குன மறுநாளே ஏரு கட்டிடுவேன். சோளத்துக்கு ஊடால துவரையும் தட்டாம்பயறும் போடச் சொன்னீங்கல்ல, மண்ணுக்கும் நல்லது, புள்ளைங்க ஒடம்புக்கும் நல்லதுன்னு? பயறு யாருகிட்ட வாங்கலாம்னுகூடக் கேட்டு வெச்சிட்டேன்.

— இவ்வளவு வெவரந் தெரிஞ்சவ, மழை எறங்குற வரைக்கும் இன்னும் பத்து நாள் பொறுக்கக் கூடாதா?

— நான் பொறுப்பேன். உள்ள எட்டிப் பாருங்க. செங்கமலம் கெடக்கா.

— தூங்குதா புள்ள?

— தூங்கலீங்க. கண்ணு தொறந்துதான் இருக்குது. நேத்து வரைக்கும் முனகுனா, இன்னிக்கு அதுக்கும் தெம்பில்ல. நாலு வயசு. தூக்கிப் பாருங்க, ஆறு மாசக் கைப்புள்ள கனந்தான்.

— அட ஆண்டவனே... காலு இப்படி வீங்கியிருக்கே!

— பூங்காவனத்துக்கும் மொதல்ல காலுதான் வீங்குச்சு.

— பெரியவளா? எங்க அவ? வெதை வாங்க வந்தப்ப பானையத் தலையில வெச்சுக்கிட்டு, கைய வுட்டுட்டு நடந்து காட்டுனாளே!

— போயி ஒம்போது நாளாச்சுங்க.

— ஆண்டாயி...

— காய்ச்சலில்ல, பேதியில்ல. பசி. கோரைக்கெழங்கு தோண்டுனோம். புளியங்கொட்டைய வறுத்து இடிச்சோம். ஓடையோரம் கீரைன்னு சொல்ல ஒரு தழை மிச்சமில்ல. கஞ்சித் தொட்டிய ஆடியோட எடுத்துட்டாங்க. சொதந்திரம் வந்துச்சுன்னு டவுன்ல முட்டாயி கொடுத்தாங்களாம், இங்க யாரும் கொண்டாரல. இவங்கப்பாரு தா.பழூர்ப் பக்கம் நடவு வேலைக்குப் போனவரு. கூலி நெல்ல ஊரு தாண்டிக் கொண்டாந்தா வழியில சர்க்கார் ஆளுங்க மறிச்சுப் புடுங்கிக்கிறாங்கன்னு தாக்கல் வந்துச்சு. ஆளு இன்னும் வரல. மவ போனதுகூட அவருக்குத் தெரியாது.

— எனக்காச்சும் சொல்லி வுட்டிருக்கக் கூடாதா?

— சொல்லியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?

— வந்திருப்பேன்.

— வந்து? கடைசி நாளு, பூங்காவனம் ஊந்து ஊந்து அந்த வெதைப் பானைக்கிட்ட போயிட்டா. ஒரு புடி அள்ளி வாய்க்குக் கொண்டு போனா. நான் பாஞ்சு போயி கையத் தட்டிவுட்டேன். உங்க கோழிதான் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. சோளம் தரையெல்லாம் செதறிப் போச்சு. அவ அழலீங்க. படுத்தவாக்குல ஒவ்வொரு மணியாப் பொறுக்கித் திரும்பப் பானையில போட்டா. மழை வந்தா வெதைக்கணுமில்லம்மான்னா. அந்தியில மூச்சு நின்னு போச்சு.

— போதும், ஆண்டாயி. போதும்.

— எனக்கும் போதுமுங்க. அதான் இன்னிக்குப் பானைய ஏத்திட்டேன்.

— இரு. நான் அரியலூர் போறேன். எப்படியாச்சும் அரிசி வாங்கியாறேன். சைக்கிள்ல போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி.

— புள்ள மூக்குக்கிட்ட வெரல வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க, நாலு மணி நேரம் தாங்குமா?

— மூச்சு நூலா ஓடுது, ஆண்டாயி.

— உங்க பையில திங்கிறதுக்கு ஏதாச்சும் இருக்குங்களா?

— ரிஜிஸ்டர்தான் இருக்கு.

— அப்ப நான் நெனச்சதுதான் சரி. கேட்டுக்கங்க. மொதக் கிண்ணம் நான் குடிக்கிறேன். நீங்க இங்கயே குந்தியிருந்து என்னப் பாருங்க. பொழுது சாயுற வரைக்கும் நான் சுருண்டு வுழலேன்னா, ஆறுன கஞ்சிய செங்கமலத்துக்கு ஊட்டிடலாம். வுழுந்துட்டேன்னா பானையக் கவுத்துட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு ஏலாக்குறிச்சி மாதா கோயில்ல கொண்டு போயி வுட்டுடுங்க. தாயில்லாப் புள்ளைன்னா அங்க ஒரு வாய் கொடுப்பாங்க.

— பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?

— கொத்த வெச்சுப் பாக்க இந்த ஊருல கோழி மிச்சமில்லீங்க. நான்தான் இருக்கேன்.

— கிண்ணத்தக் கீழ வை.

— கைய வுடுங்க, மேஸ்திரி ஐயா.

— வை கீழ!

— வுடுங்கன்னா! கஞ்சி கொட்டுது! ஒரு மணிகூட வீணாக்க மாட்டேன் நான்!

— ஆண்டாயி, பொழுது சாயுற வரைக்கும் அது தாங்காது. நீ குடிச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்குற நேரத்துல புள்ள போயிடும். மொதக் கிண்ணத்த அதுக்குக் கொடு.

— என்னங்க சொல்றீங்க? விஷத்தயா?

— இப்பவே கொடு. மேலத் தெளிவ மட்டும் வடிச்சு, ஊதி ஊதி, துணிய நனைச்சுச் சொட்டுச் சொட்டா வாயில வுடு. ஒரேயடியா ஊத்திடாத, வயிறு தாங்காது. தா, தலைய நான் புடிச்சுக்கிறேன்.

— நூறு தண்ணிக்கும் போகாதுன்னீங்க!

— மருந்து இருந்தாத்தான போறதுக்கு? வரவே இல்ல ஆண்டாயி. அனுப்புறோம் அனுப்புறோம்னாங்க, ஒரு பொட்டலம் வரல. இந்தத் தடவையும் ஊரே வெதைய அவிச்சுத் தின்னுட்டா அடுத்த வருசம் ஊரே இருக்காதுன்னு நான்தான்... எனக்கு வேற வழி தெரியல.

— கோழி செத்துச்சே! எங் கண்ணால பாத்தேனே!

— கோழிக்குப் போட்ட புடியில மட்டும் அரளி வெதைய அரைச்சுப் பெரட்டி வெச்சிருந்தேன்.

— அப்ப எங்களுக்குக் கொடுத்தது? எம் பூங்காவனம் கையில இருந்தது?

— சோளம், ஆண்டாயி. வண்ணான் துணிக்குப் போடுற நீலத்துல முக்கியெடுத்த வெறும் சோளம்.