பிளக்கோட மூணாவது காலு

கட்டிங் பிளேயர எதுக்குண்ணே எடுக்குறீங்க? வையுங்க, கீழ வையுங்க. கவுருமெண்டு குடுத்த புது கிரைண்டரு, நேத்துதான் வரிசையில நின்னு வாங்கியாந்தேன். அதுக்குள்ள அதோட பிளக்குக்கு ஒரு காலு போவணுமா?

டீ குடிங்க மொதல்ல. சிங்கப்பூருலேருந்து வந்ததும் வராததுமா ஒங்களப் புடிக்கவே முடியலன்னு எதுத்த வூட்டு லோகநாயகி அக்கா சொன்னுச்சு. தேவனாம்பட்டினத்துல இப்ப வூட்டுக்கு வூடு மிக்ஸி, கிரைண்டரு, ஃபேனு. ஒங்களப்போல வயர்மேனுக்குத்தான் யோகம்!

எங்க வூட்டுக்காரரா? இல்லண்ணே. கடலுக்கும் போவல. நீங்க டீயக் குடிங்க.

இதுவா? இது என் ஆபீசு. சிரிக்காதீங்க. ஆணியில தொங்குற ஒவ்வொரு துணிக்கடைப் பையும் ஒரு வூடு. மெசினோட வர்ற புக்க எல்லாம் தெருவுல நான்தான் வாங்கி வச்சுக்குறேன். இல்லாட்டி இந்தப் பொம்பளைங்க இன்னா பண்ணும்? கிழிச்சு வறுத்த மல்லாட்டைக்குப் பொட்டலம் மடிக்கும். கேரண்டி அட்டை, பில்லு, புக்கு, எல்லாத்தயும் மீன் போடுற தடிக் கவர்ல முடிஞ்சு வச்சிருக்கேன். தானே புயல்ல ஓடு பறந்துச்சு, ஒரு புக்கு நனையலயே!

மிக்ஸி நின்னுபோச்சுன்னா பக்கத்து வூட்டு மாரியம்மா ஓடியாரும். படத்தப் பாத்து, அடியில செவப்பு பட்டன் இருக்கு, அமுக்குன்னு சொல்லுவேன். எட்டாவது படிச்ச டாக்டரம்மான்னு கேலி பண்ணுவாளுவ. பண்ணட்டும். எந்தப் புக்கு வந்தாலும் நான் மொதல்ல பாக்குறது ஒரு பக்கந்தான். மூணு காலு பிளக்கப் படம் போட்டு, கசியுற கரண்டு மண்ணுக்குப் போவணும், எர்த்து இல்லாம ஓட்டாதீங்கன்னு எழுதியிருக்கும்ல, அந்தப் பக்கம். பேனாவால வட்டம் போட்டு, வூட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டிட்டுத்தான் பையில போடுவேன்.

தெரியும்ணே, போர்டுல ரெண்டு ஓட்டைதான். அத மாத்தத்தான ஒங்களக் கூப்புட்டேன். புது சாக்கெட்டு வாங்கியாச்சு. எர்த்துக் குழிக்குப் பைப்பு, கரி, உப்பு எல்லாம் கொல்லையில கெடக்கு. மாவு அரைச்சு விக்கலாம்னு இருக்கேன். எம்பொண்ணு சினேகாவுக்கு எதப் பாத்தாலும் தொடணும். எர்த்து இல்லாம இந்த வூட்ல சுச்சு போட மாட்டேன்.

இன்னாண்ணே, தெண்டச் செலவுங்குறீங்க? உப்புக் காத்துல எர்த்துக் கம்பி துருப்புடிச்சு அந்துடும், காலக் கட் பண்ணிட்டா அதுபாட்டுக்கு ஓடுங்குறீங்க. ஓடும்ணே. ஓடாதுன்னு நான் சொன்னனா? ஓடுச்சே.

அந்தக் கடைசிப் பைய எடுங்க. எங்க வூட்டுப் பைதான். செதம்பரத்துல வாங்குன பழைய கிரைண்டரோட புக்கு. கவர உதறுங்க, விழும். ஆமா, பித்தளைக் காலு. அது நீங்க வெட்டுனதுதான். இதே போர்டு, இதே எடம். ரெண்டு காலே போதும்டா தம்பின்னு அவரு முதுவுல தட்டிட்டுப் போனீங்க. அப்பறம் சிங்கப்பூரு போயிட்டீங்க. இங்க நடந்தத முதுநகருக்கு வந்து ஒங்க வூட்ல யாரு சொல்லியிருக்கப் போறா.

வலைய அலசிட்டு ஈரக் கையோட வந்தாரு. நான் மாவத் தள்ளுறேன், நீ புள்ளையப் பாருன்னாரு. சினேகா என் இடுப்புல இருந்துச்சு. கிரைண்டரு ஓடிக்கிட்டே இருந்துச்சுண்ணே. அவரு கையி மட்டும் அதுலேருந்து வரல.

எந்திரிக்காதீங்க. அழுவுறதுக்கா ஒங்களக் கூப்புட்டேன்? டீ ஆறுது பாருங்க. சினேகா பால்வாடியிலேருந்து வர்றதுக்குள்ள வேலை முடியணும். கடப்பாரைய செவுத்துல சாத்தி வச்சிருக்கேன். குழியத் தோண்டி, எர்த்தப் போட்டு, போறதுக்கு முன்னாடி செருப்பக் கழட்டிட்டு, கைய நல்லா நனைச்சு, ஓடுற கிரைண்டர ஒருக்கா நீங்களே தொட்டுக் காட்டிட்டுப் போங்கண்ணே.