வீட்டுக்கு ஏற்ற ஆன்டிவைரஸ்

உங்கள் மேசைமேல் இருக்கும் கணினியின் மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து வந்து போகிறது. பாதுகாப்பு மென்பொருள் காலாவதியாகிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் அதைப் பார்க்காததுபோல் தட்டி மூடுவதை வந்ததிலிருந்து கவனிக்கிறேன். விசாரணை அதிகாரியின் கணினியே இந்த லட்சணத்தில் இருந்தால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? கோபித்துக்கொள்ளாதீர்கள், மேடம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். சொல்வதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

ஓர் அச்சகத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. அதனால் சொந்தக்காரர்களில் எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. கேட்பார்கள், தலையாட்டுவார்கள், பிறகு தங்கள் இஷ்டத்துக்குச் செய்வார்கள். என் சித்தப்பா ஒரே கணினியில் மூன்றைப் போட்டுவைத்தார். ஒன்று நல்லதென்றால் மூன்று இன்னும் நல்லது என்பது அவர் கணக்கு. அவை ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றன. கணினி திறப்பதற்குள் மனிதர் குளித்துவிட்டு வந்துவிடலாம். என் தங்கை கணவர் அதற்கும் மேல். 'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இங்கே தட்டுங்கள்' என்று எவனாவது திரையில் காட்டினால் உடனே தட்டுவார். எல்லோரும் நல்லவர்கள்தான், மூளையை மட்டும் செலவழிக்க மாட்டார்கள். இவர்களோடு காலம் தள்ளியவன் எதையும் யார் பொறுப்பிலும் விடக்கூடாது என்று முடிவு செய்ததில் ஆச்சரியம் இல்லை.

என் மனைவியும் அந்த ரகம்தான். வருகிற மெயில் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு திறப்பாள். அதனால் வீட்டுக் கணினியில் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுவைத்தேன். அவள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும், அவளுக்கு வரும் ஒவ்வொரு மெயிலும் என் அலுவலக மேசைக்கு வந்துவிடும். நீங்கள் அதை உளவு மென்பொருள் என்கிறீர்கள். பிள்ளை தூங்குகிறதா என்று கதவைத் திறந்து பார்ப்பதை யாரும் உளவு என்று சொல்வதில்லை.

சிக்கல் ஆன்டிவைரஸால் வந்தது. அப்போது வீட்டில் இருந்தது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஒரு சாயங்காலம் மனைவி கணினி முன்னாலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். சிவப்பா என்னமோ வருது. உங்களை யாரோ கண்காணிக்கிறாங்கன்னு போட்டிருக்கு. பயமா இருக்கு."

"அது சும்மா. மிரட்டி விக்கிறதுக்கு இப்படித்தான் போடுவாங்க. நான் வேற நல்லதாப் பாத்துப் போட்டுத் தரேன்."

"நல்லவேளை, நீங்க வீட்ல இருந்தீங்க. நான் மட்டும்னா பதறிப் போயிருப்பேன்."

அவள் சொன்னது நியாயம்தானே? விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டுப் பார்த்தேன். மற்றவர்கள் எது நிறையப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். நான் எது சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று பார்த்தேன். சிலவற்றுக்கு வாய்த்துடுக்கு அதிகம். 'இதை விட்டுவிடு' என்று சொல்லியும் மறுநாள் மறுபடி கூச்சல் போடும். கடைசியில் அடக்கமான ஒன்று அமைந்தது. இன்னின்னதைக் கண்டுகொள்ளாதே என்று அதற்கு விதிவிலக்குக் கொடுத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டால் போதும், பிறகு ஒரு முணுமுணுப்பும் இருக்காது. 'உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது' என்று திரையில் பச்சையாக ஒரு வரி மட்டும் தெரியும். அதைப் பார்த்து என் மனைவிக்கு அப்படியொரு நிம்மதி.

பிறகு நிதானமாகப் படிக்க ஆரம்பித்தேன். அவள் எழுதியதெல்லாம் ஒரே ஆளுக்குத்தான், அவளுடைய அக்காவுக்கு. வேறு ஊரில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள், கணவனை இழந்தவள், ஒரு மகள் உண்டு. தாயில்லாமல் வளர்ந்த என் மனைவிக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பியதே அந்த அக்காதான். என்னைப் பற்றி மோசமாக எதுவும் எழுதவில்லை. 'அவர் நல்லவர்தான் அக்கா.. ஆனா இந்த வீட்ல மூச்சு முட்டுது..' என்று எழுதியிருந்தாள். ஒரு புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் இரண்டு வைப்பது அவள் பழக்கம். அதற்கு அக்காவின் பதில்: 'ஒரு பையை மட்டும் எடுத்துக்கிட்டு கிளம்பி வாடி. இங்க லைப்ரரில ஒரு வேலை காலியா இருக்கு. உனக்காகப் பேசி வச்சிருக்கேன்.'

நீங்களே சொல்லுங்கள். வெளியிலிருந்து ஒன்று வீட்டுக்குள் நுழைந்து, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கலைக்கப் பார்க்கிறது. அதை என்னவென்று சொல்வது?

எனக்குக் கோபம் வரவில்லை. ஆன்டிவைரஸ் என்ன செய்யுமோ அதைச் செய்தேன். அக்காவின் மெயில்கள் என் மனைவியின் கண்ணில் படாமல் அதே கணினியில் ஒரு மறைவிடத்துக்குப் போய்ச் சேரும்படி வைத்தேன். பிறகு மனைவி பெயரில் அக்காவுக்கு எழுதினேன்: 'உன் பேச்சைக் கேட்டு என் குடும்பத்தைக் கெடுத்துக்க மாட்டேன்.. இனிமே எழுதாதே..' இரண்டு புள்ளிகளை மறக்கவில்லை. அக்காவின் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் புதிதாக ஒன்று தொடங்கி, அதிலிருந்து மனைவிக்கும் எழுதினேன்: 'உன் புலம்பலைக் கேட்டு அலுத்துப்போச்சு. உன்னைச் சுமந்தது போதும்.' அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார் என்று அவளிடம் எத்தனை தடவை தலைப்பாடாக அடித்துக்கொண்டிருக்கிறேன் தெரியுமா, மேடம்? அன்றைக்கும் பார்க்கவில்லை. படித்தவுடன் அழ உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய கைபேசி எண் திருடர்கள் கையில் சிக்கிவிட்டது என்று சொல்லி எண்ணையும் மாற்றிக் கொடுத்தேன். அவளாக அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம், யாரும் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ரோஷக்காரி, கூப்பிடவில்லை.

அக்காவுக்கு ரோஷம் குறைவு. எழுதிக்கொண்டே இருந்தாள். முதலில் திட்டினாள், பிறகு கெஞ்சினாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இது வந்தது: 'வயித்துல கட்டியாம்டி. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்க. பயமா இருக்கு. என்மேல கோபம் இருந்தாலும் பரவால்ல, ஒரு தடவை வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போ.' ஏமாற்று மெயில்களில் பாதி நோயைச் சொல்லித்தான் வருகின்றன. இது உண்மை என்று எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். உண்மையான மெயில்தான் கூடுதலாகக் கெடுக்கும். அதையும் மற்றவற்றோடு சேர்த்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.

ஆபரேஷனுக்குப் போன அக்கா கண் விழிக்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு அவள் மகள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா கடைசிவரைக்கும் கதவையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ஏன் சித்தி வரல?"

"உங்கம்மாதான்டி என்னை வேண்டாம்னு எழுதினாங்க," என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் கொஞ்சம் விவரமானவள். சித்தியைக் கணினி முன்னால் உட்காரவைத்து அந்த மெயிலை எடுத்துக் காட்டச் சொன்னாள். முகவரியைப் பார்த்த கணத்திலேயே அவள் முகம் மாறிவிட்டது. தன் பையிலிருந்த பென்டிரைவிலிருந்து வேறொரு ஆன்டிவைரஸை ஓடவிட்டாள். என் விதிவிலக்கெல்லாம் அதற்குத் தெரியாது. வாய்த்துடுக்கு ரகம், திரை முழுவதும் சிவப்பாகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகத் துழாவி அந்த மறைவிடத்தையும் திறந்துவிட்டாள்.

என் மனைவி அக்காவின் மெயில்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்தாள். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி ஒன்றுதான் கேட்டாள்.

"இதையெல்லாம் அழிக்காம ஏன் வச்சிருந்தீங்க?"

நீங்களும் அதையே கேட்கிறீர்கள். ஆன்டிவைரஸைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி. பிடித்ததை அது உடனே அழிக்காது, தனியே ஒதுக்கிப் பூட்டி வைக்கும். ஒதுக்கி வைப்பது வேறு, அழிப்பது வேறு. அவளைக் கண்காணித்தது நான்தான். இரண்டு பேர் பெயரிலும் எழுதியது நான்தான். சாகப் போகிறவள் தங்கையைக் கூப்பிட்டதைத் தங்கைக்குத் தெரியாமல் வைத்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அக்கா எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட நான் அழிக்கவில்லை. அத்தனையும் பத்திரமாக என் மனைவி கைக்கு வந்து சேர்ந்துவிட்டன. இதில் அவள் எதை இழந்துவிட்டாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.