ஓரத்திலிருந்து உள்ளே வந்த வசனம்

எனக்கு டீயில் சர்க்கரை போட வேண்டாம், பாஸ்டர். சுகர் மாத்திரையை ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறவன் நான். அதனால்தான் இந்த வயதிலும் தாராவியின் இரும்பு ஏணிகளில் ஏறி இறங்குகிறேன்.

நம் சபை ஷாலினி, தன் பிள்ளையின் டிபி மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள் என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு வசனம் சொன்னாளாம்: "வைத்தியனுடைய கைக்குத் திரும்புகிறவன் என் வஸ்திரத்தைத் தொடமாட்டான்." முழு வேதத்தையும் புரட்டிவிட்டீர்கள், கிடைக்கவில்லை. கிடைக்காது. உட்காருங்கள், சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நம் ஜெபக்கூடத்தில் தமிழ் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். நீங்கள் குர்லாவிலிருந்து மாதம் ஒருமுறை வந்து, இந்தியும் தமிழும் கலந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போகிறீர்கள். மற்ற ஞாயிறுகளில் நான் வாசிப்பேன், சனங்கள் வரிவரியாகத் திருப்பிச் சொல்வார்கள். பிள்ளைகள் படிப்பது இந்தி. பெரியவர்கள் பள்ளிக்கூடம் பார்க்காமல் பை தைக்க வந்தவர்கள். என் வாயிலிருந்து அவர்கள் காதுக்கு. இந்தச் சந்துக்கு வேதம் வந்து சேர்ந்த வழி அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்ததும் கதை சொல்வேன். தோல் ஷெட்டில் வேலை பார்த்த காலத்தில் மித்தி ஆற்றில் முதலை பிடித்த கதை உங்களுக்கும் தெரியும். அதன் தோலில் ஒரு சினிமாக்காரிக்குக் கைப்பை தைத்துக் கொடுத்தேன். விமானத்தில் அவள் அதைத் திறந்தபோது விரலைக் கடித்துவிட்டது. இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அதிகம் சிரிப்பவள் இசக்கி.

"போன தடவ ஆறடின்னிய, இப்போ ஒம்பதடிங்கிய. செத்த பெறவும் வளருதா பாட்டையா?"

அவள் மூன்று வருடம் முன்பு ஞானஸ்நானம் எடுத்தவள். ஊரில் வைத்த பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஓர் எழுத்து தெரியாது. ஆனால் எதையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே உள்ளே உட்கார்ந்துவிடும்.

என் கண்ணில் புரை விழுந்து நாளாகிறது. யாரிடமும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மனப்பாடமாகவே ஒப்பித்து வந்தேன். அப்படி ஒரு ஞாயிறு, உதிரப்போக்கால் அவதிப்பட்டு இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுக் குணமான பெண்ணின் கதையில் பதினெட்டு வருடம் என்றுவிட்டேன்.

"பன்னெண்டு வருசம்னுல்லா முன்னால வாசிச்சிய பாட்டையா? இவளும் ஒங்க முதலை மாதிரி வளருதாளோ?"

கூடமே சிரித்தது. முதலைக்குச் சிரித்த அதே சிரிப்பு. நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

அவள் புருஷன் வேல்ராஜ் அப்போது டிபிக்கு மாத்திரை தின்றுகொண்டிருந்தான். ஆறு மாதம் விடாமல் தின்ன வேண்டியது. இருமல் நின்றதும் வேண்டாம் என்று அடம்பிடித்தான். இசக்கி என் அறைக்கு வந்தாள்.

"ஒண்ணுக்குச் செவப்பாப் போவுது, சோறு எறங்கலங்காவ. நான் சொன்னாக் கேக்க மாட்டுக்காவ, டாக்டர் சொல்லியும் கேக்கல. வேதத்துல இருக்குன்னா கேப்பாவ. மருந்து தின்னணும்னு எங்கயாவது இருந்தா, வார ஞாயித்துக்கெழம அத வாசிங்க பாட்டையா."

"வாசிச்சிட்டாப் போச்சு" என்றேன்.

நீங்கள் ஒரு பிரசங்கத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. அச்சு வருவதற்கு முன்னால் ஆட்டுத்தோலிலும் கன்றுத்தோலிலும் கையாலேயே பார்த்து எழுதினார்கள். ஒருவர் தனக்குத் தோன்றியதை ஓரத்தில் குறித்து வைப்பார். அடுத்து எழுதுகிறவர், விட்டுப்போன வரி போலிருக்கிறது என்று அதை உள்ளே சேர்த்துவிடுவார். இத்தனை கைகளைத் தாண்டியும் வேதம் நம்மிடம் வந்தது பாருங்கள் என்று முடித்தீர்கள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கத் தோல் சுரண்டிய நான் மட்டும் அந்த ஓரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு அதே பெண்ணின் கதையை மறுபடி எடுத்தேன். பன்னிரண்டு வருடம் என்று சரியாகவே சொன்னேன். வைத்தியர்களிடம் எல்லாவற்றையும் செலவழித்தும் குணமாகவில்லை என்கிற இடம் வந்ததும், என் வரியை, ஷாலினி உங்களிடம் சொன்ன அதே வரியை, சேர்த்தேன். குரலில் மாற்றம் இல்லை. சனங்கள் திருப்பிச் சொன்னார்கள். வேல்ராஜ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான். இசக்கி மட்டும் கொஞ்சம் பிந்தினாள். பிறகு அவளும் சொன்னாள்.

மாத்திரை நின்றது. கொஞ்ச காலம் நன்றாகவே இருந்தான், எனக்கே ஆச்சரியம். அப்புறம் இரத்தமாகத் துப்ப ஆரம்பித்தான். ஒரு மத்தியானம் இசக்கி மூச்சுவாங்க வந்து நின்றாள்.

"அந்த வசனத்த இன்னொருக்கப் பாத்துச் சொல்லுங்க பாட்டையா. முன்னால நீங்க அத வாசிச்ச ஞாபகமே இல்ல. நாந்தான் தப்பா மனசுல வச்சிருக்கனோ?"

தன் ஞாபகத்தை அவளே சந்தேகப்பட்டாள், பாஸ்டர். அதைக் கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளை உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். பக்கம் முழுக்கப் பால் கொட்டிய மாதிரி இருந்தது. அதில் ஓர் இடத்தில் விரலை வைத்து, வரியை மெதுவாக வாசித்தேன்.

"சரியாத்தான் வச்சிருக்க தாயி. ஒனக்கு முன்னாலதான் ஞாபகம் பெசகியிருக்கு."

"அப்பச் சரி" என்று எழுந்து போனாள். ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸியை முக்கில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அடக்கத்தன்று அதே கதையைத்தான் வாசிக்கச் சொன்னாள். மருந்தைத் தொடாமல் போனவர் வஸ்திரத்தைத் தொட்டிருப்பார் என்பது அவளுக்கு ஆறுதல். எனக்கும் ஓர் இங்கிதம் உண்டு. அந்த வரியை விட்டுவிட்டு வாசித்தேன்.

"ஒரு வசனத்த விட்டுட்டிய பாட்டையா" என்றாள், பெட்டியின் தலைமாட்டிலிருந்து. அவளே சொன்னாள், ஒரு சொல் பிசகாமல். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். அன்றிலிருந்து புதிதாக வருகிற பெண்களுக்கு அவள்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறாள். ஷாலினிக்கும் அவள்தான். அந்தப் பிள்ளை விஷயத்தில் என் பெயரைச் சேர்ப்பது நியாயமில்லை.

இசக்கியிடம் உண்மையைச் சொல் என்பீர்கள். ஷாலினியின் பிள்ளை மறுபடி இருமுகிறது என்று கேள்விப்பட்டு, நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு வசனம் வேதத்தில் இல்லை, நானாகக் கட்டியது என்றேன்.

"இது எத்தன அடி பாட்டையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

வேல்ராஜ் போனபிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பாஸ்டர். அவளைச் சிரிக்க வைத்தவன் நான்.