சங்கீத ஸ்டோர் எரிந்த சனிக்கிழமை

ஓடுகிறோம். மழை. தேயிலைச் செடிகள் சேலையைப் பிடித்து இழுக்கின்றன. கையில் வயலின். பெட்டி இல்லை. பெட்டியை எடுக்க நேரம் இருக்கவில்லை. பின்னால் ரோட்டில் லொறி நிற்கிறது. பின்கதவு விழும் சத்தம். பூட்ஸ் இல்லாத கால்கள் குதிக்கும் சத்தம். நிறையக் கால்கள்.

"கானுக்குள்ள எறங்குங்க. தலையத் தூக்காதீங்க."

ஞானப்பிரகாசம் மாஸ்டரின் குரல். மழைநீர் வடிவதற்காக மலைச்சரிவில் வெட்டிய கான் அது. முழங்கால் ஆழம்தான். குப்புற விழுகிறோம். வாய்க்குள் சேறு.

1958. மே மாதக் கடைசி. இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். என் பெயர் மரியபுஷ்பம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளைக் காம்பிராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். சனிக்கிழமை பின்னேரங்களில் இரண்டாம் வயலின் வாசிப்பேன்.

எங்களுடையது ஓர் இசைக்குழு. வெள்ளைக்காரர் ஊர்களில் இருப்பதைப் போன்றது. தோட்டத்தில் அப்படி ஒன்று எப்படி வந்தது என்று கேட்பார்கள். மாஸ்டரால் வந்தது. அவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எஞ்சின் டிரைவர். உலக யுத்தத்தின்போது கொழும்பில் பட்டாள பேண்டில் வாசித்தவர். 1948இல் சுதந்திரம் வந்தது. துரைமார் சிலர் சீமைக்குத் திரும்பினார்கள். கப்பலில் கொண்டுபோக விரும்பாததை விட்டுப் போனார்கள். ஒரு பங்களாவிலிருந்து பியானோ வந்தது. கிளப்பிலிருந்து கிளாரினெட்டுகள், கூடவே செல்லோ, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின். கோயிலில் பாதர் இரண்டு சின்ன வயலின் கொடுத்தார். அதே காலத்தில்தான், இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று, எங்கள் குடியுரிமை போனது. ஒரு கையில் வாத்தியம் வந்தது, மறு கையிலிருந்து நாடு போனது.

புது ஸ்டோர் கட்டியபின் ரோட்டோரத்துப் பழைய ஸ்டோர் சும்மா கிடந்தது. பெரிய துரையிடம் மாஸ்டர் அதைக் கேட்டு வாங்கினார். தகரக் கூரை. கருங்கல் சுவர். தேயிலைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டால் ஆசனம். முதல் கச்சேரி ஒரு கிறிஸ்மசுக்கு. நாலு தோட்டத்துச் சனம் வந்தது. இடம் போதாமல் ஜன்னல்களில் தொங்கினார்கள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் சங்கீத ஸ்டோர். என் அண்ணன் சவரிமுத்துவுக்குச் செல்லோ. கருப்பையா அண்ணனுக்குத் தப்பு என்னும் பறை. மரம் விழுந்து நசுங்கிய கால் அவருக்கு. தப்பு எதற்கு என்று பாதர் கேட்டபோது, "அது இல்லாம நம்ம சனத்துக்குக் காது தொறக்காதுங்க" என்றார் மாஸ்டர். ட்ரம்பெட் ஊதியவர் பியதாச. சிங்களவர். பஜாரிலிருந்து சைக்கிளில் பாண் ரொட்டி கொண்டுவந்து விற்பவர்.

அன்று அவர்தான் எங்களை எச்சரித்தார். கீழே தேசம் முழுக்கத் தமிழரை அடிக்கிறார்கள், கொளுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். மலைக்கு வராது என்று நினைத்தோம். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது.

"துவன்ன! ஓடுங்க! லொறி வருது!"

ஓடினோம்.

இப்போது கானுக்குள் தலைகளைப் பார்க்கிறேன். அண்ணன் இல்லை. கருப்பையா அண்ணனும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவரால் ஓட முடியாது. அண்ணன் அவரை விட்டு வரமாட்டான்.

"மாஸ்டர், எங்க அண்ணன் உள்ள இருக்காங்க."

அவர் ஸ்டோரைப் பார்த்தார். பிறகு என்னை. "சக்கரத்து ஓட்டை இருக்கு புள்ள. பின்னால பலகை அடிச்சிருக்கு. நான் பாத்துக்கிறேன். நீ அசையாத."

பழைய ஸ்டோரின் இயந்திரங்கள் ஒரு காலத்தில் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடின. சக்கரத்தின் பெல்ட் போன ஓட்டை பின்சுவரில் இருந்தது. அவர் சட்டையைப் பிடித்தேன். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். கான் வழியாகவே குனிந்து போனார்.

முன்வாசலில் பியதாசவின் குரல். சிங்களத்தில். எனக்கு அது விளங்கும். உள்ளே ஆளில்லை என்கிறார். வெறும் பெட்டிகள் என்கிறார். கெஞ்சுகிறார். பிறகு ஓர் அடி. ஈர விறகு முறிவது போல. அவர் குரல் நின்றுவிட்டது.

மண்ணெண்ணெய் வாசம். மழை இருந்தும் உள்ளே பிடித்துக்கொண்டது. தேயிலைப் பெட்டிகள் காய்ந்த பலகை. ஜன்னல்களில் புகை. பிறகு அந்தச் சத்தம். டிங். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. மறுபடி டாங். சுடுகிறார்கள் என்று பக்கத்தில் கிடந்தவள் முனகினாள். சுடவில்லை. பியானோவின் கம்பிகள். சூட்டில் ஒவ்வொன்றாக அறுந்தன. மெல்லிய கம்பிகள் முதலில். தடித்தவை கடைசியில். ஒவ்வொன்றுக்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது. அண்ணன் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான். கையைக் கடித்துக்கொண்டேன். கத்தினால் எல்லோரும் சாவோம். காலில் அட்டை ஏறியது. எடுக்கவில்லை.

கூரை இறங்கியது. தகரம் தகரத்தின்மேல். அதற்குப் பிறகுதான் லொறி கிளம்பியது. ஆட்கள் பாடிக்கொண்டு போனார்கள்.

பின்சுவருக்கு ஓடினேன். அண்ணன் சேற்றில் மண்டியிட்டிருந்தான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருந்தான். அவை கைகளாக இல்லை. பக்கத்தில் கருப்பையா அண்ணன் இருமிக்கொண்டு கிடந்தார். உயிர் இருந்தது.

நடந்ததை அண்ணன் ஆஸ்பத்திரியில்தான் சொன்னான். மாஸ்டர் வெளியிலிருந்து பலகையைப் பிடுங்கினார். கருப்பையா மயங்கியிருந்தார். கனத்த உடம்பு. வெளியிலிருந்து மாஸ்டர் இழுத்தும் வரவில்லை. "நீ வெளிய போயி இழு. நான் உள்ளருந்து தள்ளுறேன்" என்று மாஸ்டர் உள்ளே நுழைந்தார். தள்ளினார். ஆள் வெளியே வந்தார். கூரையைத் தாங்கிய மர வளை மாஸ்டர் மேல் இறங்கியது. அண்ணன் எரிகிற வளையைக் கையால் பிடித்துத் தூக்கப் பார்த்தான். விடவே இல்லை. தோல் விட்டது.

இருட்டும்போது ஆமி ஜீப் வந்தது.

ஒரு மாதம் கழித்துப் பியதாச ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அண்ணனின் கட்டுகளைப் பார்த்தார். "சவரி, எனக்கும் ஊத ஏலாது" என்றார். வாயைத் திறந்து காட்டினார். தமிழருக்குப் பரிந்தவர் என்று பஜாரில் அவரிடம் யாரும் பாண் வாங்கவில்லை. மனைவியின் ஊருக்குப் போய்விட்டார்.

இதை எழுதுவது 1965இல். மறந்துபோகாமல் இருக்க இழப்பைச் சொல்லிவைக்கிறேன்.

உயிர் ஒன்று. ஞானப்பிரகாசம், எஞ்சின் டிரைவர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். வேலைக்காரர் செத்தபின் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பிரா அவர்களுக்கு இல்லை என்றார்கள். உடப்புசல்லாவைப் பக்கம் போனார்கள்.

என் அண்ணனின் பத்து விரல்கள். இருக்கின்றன, மடங்குவதில்லை. பியதாசவின் முன்பற்கள். பியானோ, செல்லோ, ஒரு வயலின், கிளாரினெட்டுகள், தப்பு. ஒரு மண்டபம். அதன் கருங்கல்லை ரோட்டுக்குப் போட்டுவிட்டார்கள்.

தீயில் தப்பிய, குழுவில் வாசித்தவர்களில் மூன்று குடும்பங்கள் கடல் கடந்து, தாங்கள் பார்த்தே இராத இந்தியாவுக்குப் போய்விட்டன. இன்னும் இரண்டு குடும்பங்கள் போகவிருக்கின்றன.

பொலிஸ் வந்து கேட்டது. ஒருவரும் பெயர் சொல்லவில்லை. லொறியில் வந்தவர்களில் ஒருவரை நாங்கள் எல்லோரும் அறிவோம். பஜாரில் கடை வைத்திருக்கிறார். எங்களுக்குக் கிட்ட வேறு கடை இல்லை. நேற்றும் அங்கேதான் சீனி வாங்கினேன். நிறுத்துக் கொடுத்துவிட்டு, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன்.