வடவெளியை விடியச் செய்த லூஷா அக்காவுக்கு

காற்றுக்கும் கடுங்குளிருக்கும் கலங்காத கனிவுக் குரலே! பெச்சோரா ஆற்று உறைபனி வடவெளியில், எண்ணெய்க் கிணறுகளுக்கும் எங்கள் ஏக்கங்களுக்கும் நடுவே, வயர்லெஸ் அறையில் ஹெலிகாப்டர்களுக்கு வழிசொல்லி வீற்றிருந்த லுக்கேரியா யெஃபீமொவ்னா தைபரேய் அம்மையாரே! எங்கள் லூஷா அக்காவே! வணக்கம்.

இன்று இங்கே மாடிக் குடியிருப்பும் கைப்பேசிக் கோபுரமும் நிமிர்ந்து நிற்கின்றன. நீங்கள் வந்திறங்கிய நாளில் இருந்தவையோ, சறுக்குக் கட்டைகள்மேல் நின்ற தகரக் கூண்டு வீடுகளே. டீசல் வாடையும், ஈரக் கம்பளிக் காலணிகள் காயும் வாடையும், கெட்டிப்பால் ஊற்றி நீங்கள் கலக்கும் தேநீரின் மணமும் ஒன்றாய் உறைந்த அந்த நாள்களை எப்படி மறப்போம்! "எழுந்திருங்கடா ராசாக்களா, வெளியில மைனஸ் நாப்பது. காது பத்திரம்!" என்று ஒலிபெருக்கியில் நீங்கள் எழுப்ப, திட்டிக்கொண்டே எழுவோம்.

பனிமான் மேய்ப்பவரின் மகளாய்ப் பிறந்து, மான்கள் போகும் வழியில் எண்ணெய்க் குழாய் பதித்த நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தீர்கள். சொந்தக்காரர்கள் "குழாய்க்காரி" என்று கேலி செய்ததையும் நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள்.

அந்தப் புத்தாண்டை எப்படிச் சொல்லாமல் விடுவது! ஊருக்குப் புறப்பட மூட்டை முடிச்சோடு நின்றோம், ஹெலிகாப்டரின் விசிறி சுழன்றுகொண்டிருந்தது, பனிப்புயலோ நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது தொலைவிலிருந்த மேய்ப்பர் கூடாரத்திலிருந்து புரொகோப்பியின் குரல் வயர்லெஸில் வந்தது. அவர் மனைவிக்குப் பிரசவ வலி. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. மேலதிகாரியைத் தொடர்புகொள்ள முடியவில்லை. ஹெலிகாப்டரை அங்கே போகச் சொன்னீர்கள்.

"உத்தரவு யாருதுக்கா?" என்றார் விமானி.

"என்னுது. என் பேரையே எழுதிக்கோ."

துளைப்புக் குழுத் தலைவர் ருஸ்லான் பையோடு உங்கள் அறைக்குள் பாய்ந்தார். "என் பொண்ணு வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பா! அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"திட்டணும்னா திட்டு தம்பி. மெதுவாத் திட்டு, புரொகோப்பி பேசறது கேக்கணும்."

ஹெலிகாப்டர் எங்களுக்காகத் திரும்பி வருமுன் புயல் வழியை அடைத்தது. புத்தாண்டை உணவுக்கூடத்தில், பீட்ரூட் போர்த்திய மீனுக்கும் ஆரஞ்சுப் பழங்களுக்கும் எதிரே, உங்களுக்கு முகம் கொடுக்காமல் கழித்தோம். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. நர்யான்-மார் நகர மருத்துவமனையில் தாயும் சேயும் நலம், பெண் குழந்தை என்றீர்கள். முதலில் எழுந்தவர் ருஸ்லான்தான். "பொண்ணா? சரி, என் பொண்ணு பொறுத்துக்குவா… அக்காவுக்கு யாராவது ஒரு தட்டு எடுத்துட்டுப் போங்கய்யா" என்றார்.

அனுமதியின்றி ஹெலிகாப்டரைத் திருப்பியதற்காக உங்களைப் படுக்கைவிரிப்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒருவரையும் நோகாமல் விரிப்புகளை மடித்துவைத்தீர்கள். எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு ருஸ்லானே மேலதிகாரியிடம் போனார். "சூரியன் தலைகாட்டாத மாசத்துல அக்கா குரல் வந்தாத்தான் எங்களுக்கு விடியும். அதையும் நிறுத்திட்டீங்களே ஐயா!" என்றார். மறுவாரமே ஒலிபெருக்கி எங்களை ராசாக்களா என்று அழைத்தது.

பணிவின் பெட்டகமே! பாசத்தின் பிறப்பிடமே! இனி ஹெலிகாப்டர்களைத் தொலைதூர நகரத்துக் கணினித் திரைகள் வழிநடத்துமாம். நடத்தட்டும். காது பத்திரம் என்று அவை சொல்லப்போவதில்லை.

பணி ஓய்வு பெற்று, பெச்சோரா கரையில் தங்கை வீட்டுக்குப் போகிறீர்கள். ஆற்றில் மீனும் அடுப்பில் கனலும் அருகில் உறவும் குறையாமல், உடல் நலத்தோடு நெடுங்காலம் வாழ்க! நாளை ஹெலிகாப்டரில் சன்னலோர இருக்கை உங்களுக்கு. உங்கள் அறையிலிருந்து வழியனுப்பப் போகிறவர் ருஸ்லான். இரண்டு நாளாய்த் தனியாகப் பேசிப் பழகுகிறார். ஒவ்வொரு முறையும் பாதியிலேயே ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிடுகிறார். பேச்சு வராமல் போனாலும் கிளம்பிவிடுங்கள், அக்கா. வானம் தெளிவாக இருக்கிறது.

என்றும் தங்கள் அன்பில்,
வடவெளி எண்ணெய்த் தள ஊழியர்கள்